இறைச்சி ரின் விளம்பரமும் அதன் அயலட்டையும்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

டென்மார்க்கில் எங்கட சனம் நடத்திய கடைகளின் நோட்டீஸ்கள், பழைய விளம்பரத் தாள்கள் எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கிற வேலையை ஓகூஸ் நகரில் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அறிந்தேன். வீட்டில் யாராவது ஒருவர் "குப்பையில போடுறதை ஏன் சேர்க்கிறாய்?" என்று கேட்டிருப்பார். என்னையும் கேட்டார்கள். என் மகள் அதை டேனிஷில் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் அந்தக் குப்பையை வைத்தே வேலை செய்து பென்ஷன் எடுத்தவள். அதனால் என் அனுபவத்தை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

தாளை எப்படிப் படமெடுப்பது, எப்படி அட்டவணைப்படுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. ஒருநாள் ஒரு ஆள் உங்கள் முன்னால் வந்து நின்று, "இதை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்று சொல்லுவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்த மெஷினும் சொல்லித் தராது. எனக்கு அது நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது ஹொல்ஸ்டெப்ரோவுக்கு மேற்கே, கடல் பக்கமாக உள்ள ஒரு சின்ன ஊரின் ஆவணக் காப்பகத்தில். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து, கொழும்பு வந்து, பிறகு இங்கே வந்தவள் நான். முதலில் மீன் தொழிற்சாலையில் வேலை. மொழி கொஞ்சம் பிடிபட்டதும் படித்தேன். படித்து முடித்துக் காப்பகத்தில் சேர்ந்தபோது, அந்த ஊரில் முன்பு வெளிவந்த உள்ளூர்ப் பத்திரிகையின் கட்டுகளை என்னிடம் தந்தார்கள். செய்திகளை ஏற்கெனவே வேறு ஒருவர் பார்த்து முடித்துவிட்டார். எனக்குக் கிடைத்தவை விளம்பரங்கள்.

எங்கள் காப்பகத் தலைவி அதிகம் பேசாத பெண். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"செய்தியில என்ன நடந்தது எண்டு இருக்கும். விளம்பரத்தில ஆக்களுக்கு என்ன இல்லாமல் போனது எண்டு இருக்கும். அதைப் பாரும்."

முதலாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளைப் புரட்டியபோது அது விளங்கியது. டென்மார்க் அந்தப் போரில் சேரவில்லை. ஆனாலும் கப்பல் வரத்து குறைந்து கடைகள் வெறுமையாகிவிட்டன. கோப்பிக்கடைக்காரர் வறுத்த பீட்ரூட்டையும் றை தானியத்தையும் அரைத்து, "அசல் கோப்பிக்குக் கிட்டத்தட்ட" என்று விளம்பரம் போடுகிறார். சப்பாத்துக் கடையில் தோல் இல்லை, மரத்தால் அடி வைத்த சப்பாத்து. சைக்கிள்காரரிடம் ரயர் இல்லை, கயிறு சுற்றிய சில்லு. தையற்காரர் உங்கள் பழைய கோட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துத் தருவாராம். மண்ணெண்ணெய் இல்லாத வீடுகளுக்குக் காபைட் விளக்கு.

என்னோடு வேலை செய்த டேனிஷ்காரருக்கு அவை வேடிக்கையாக இருந்தன. எனக்கு அப்படி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவள் நான். கொப்பித் தாளில் அச்சடித்த பேப்பரில், "சவர்க்காரம் வந்துள்ளது" என்ற ஒரு வரி விளம்பரத்தைப் பார்த்து அம்மா எழும்பி ஓடியதைக் கண்டவள். யாரோ நூறு வருடத்துக்கு முந்தின வெள்ளைக்காரர் என் வீட்டுக்குள் இருந்து எழுதியதுபோல இருந்தது.

இலங்கையில் எங்கட போர் முடிந்த வாரத்திலும் நான் அந்த மேசையில்தான் இருந்தேன். வீட்டில் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். அன்று எனக்கு முன்னால் இருந்தது 1918 நவம்பர்க் கட்டு. போர் நின்ற செய்தி முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில். உள்ளே, வழக்கம்போல, விளக்குத் திரி, விறகு, பல் வைத்தியர், சவர்க்காரம். அங்கே அகதி முகாமில் இருந்த என் தங்கச்சிக்கும் இப்போது சவர்க்காரம்தானே வேண்டும் என்று நினைத்தேன். தலைவி ஒரு கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தார். அதன் பிறகு அந்த ஆண்டின் கட்டுகளை நான் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

முதலாம் உலகப் போர் முடிந்து நூறு ஆண்டு ஆனபோது ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். போர் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் என்னென்ன விற்றார்கள் என்பதுதான் கண்காட்சி. விளம்பரங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு கடைபோல நிறுத்துவது என்று திட்டம். காப்பகத்தில் அதற்கு இடம் இல்லை. ஊரில் கட்டடப் பொருட்கள் விற்கிற ஒரு பெரிய குடும்பம், ரெயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் பழைய களஞ்சியத்தைத் தந்தது. அந்தக் குடும்பத்தின் இப்போதைய முதலாளி கார்ஸ்டன். அறுபது வயது மட்டில் இருக்கும். நல்ல மனிதர். தன் ஆட்களை அனுப்பிச் சுவருக்கு வெள்ளை அடித்தும் தந்தார்.

திறப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. விளம்பரங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். கார்ஸ்டன் சும்மா பார்க்க வந்தார். கோப்பி விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்தார். மரச் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது சுவருக்கு முன்னால் நின்றவர் அசையவில்லை.

அந்த விளம்பரம் இதுதான்: "இறைச்சிக் குலாஷ், தகர டப்பாக்களில், பெருந்தொகை. மலிவு. பன்றிக்கும் நாய்க்கும் மட்டும்." கீழே அவருடைய தாத்தாவின் பெயர்.

உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அந்தப் போர்க்காலத்தில் டென்மார்க்கில் சிலர் கண்ட கண்ட இறைச்சியை எல்லாம் குலாஷ் என்ற குழம்பாக்கி, ரின்னில், அதாவது தகர டப்பாவில், அடைத்து, ஜெர்மன் படைக்கு விற்றுப் பணக்காரர் ஆனார்கள். அவர்களைக் "குலாஷ் பிரபு" என்று ஊரே கேலி செய்தது. இன்றைக்கும் அந்தச் சொல் இங்கே யாருக்கும் மறந்துபோகவில்லை. போர் நின்றதும் வாங்க ஆள் இல்லாமல் ரின்கள் தேங்கிவிட்டன. ஆமிக்காரன் சாப்பிடலாம் என்று அனுப்பிய சாமானை, போர் முடிந்ததும் பன்றிக்கு என்று விற்றால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

"இதை எடுங்கோ" என்றார் கார்ஸ்டன்.

"இது பேப்பரில வந்தது. நாங்கள் ஒண்டும் சேர்க்கேல்லை" என்றேன்.

"தெரியும். எண்டாலும் என்ர சுவரில, என்ர தாத்தாவை, ஊர் வந்து பார்த்துச் சிரிக்க நான் விடமாட்டன். எடுத்தால் களஞ்சியம் உங்களுக்கு. எடுக்காட்டி வேற இடம் பாருங்கோ. ரெண்டு நாளில சொல்லுங்கோ."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

தலைவியிடம் ஓடினேன். அவர் எடுக்கச் சொல்லுவார் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் பாரம் என்னிடம் இருந்து போயிருக்கும். அவர் சொன்னது வேறு.

"பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கிறன். அது கிடைக்காட்டி கண்காட்சி இல்லை. கண்காட்சி உம்முடையது. நீர் என்ன முடிவெடுத்தாலும் நான் உம்மோட நிப்பன்."

வீட்டில் மகள் சொன்னாள், ஒரு விளம்பரம்தானே, நூறு விளம்பரம் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று. அவள் சொன்னதில் பிழை இல்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இதை எடுத்தால் மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்தேன். உரிமையாளரின் பேரப்பிள்ளைக்குப் பிடித்தவை மட்டும் சுவரில் மிஞ்சும். அதற்குப் பெயர் கண்காட்சி இல்லை, திரும்பவும் விளம்பரம்தான்.

அடுத்த நாள் பின்னேரம் ஹொல்ஸ்டெப்ரோவில் சாமான் வாங்கப் போனேன். அங்கே தவம் என்ற ஒரு தம்பி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தைப்பொங்கலுக்கு அனுப்புகிற நோட்டீஸை மேசையில் விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு இரண்டு கடைகளின் நோட்டீஸ்கள்.

"இதென்ன, மற்றவையின்ரயைப் பார்த்து எழுதுறீரோ?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பாக்காமல் எழுதலாமோ அக்கா? விளம்பரம் எண்டால் தனிய நிண்டு கதைக்கிறதில்லை. பக்கத்துக் கடைக்காரன் என்ன சொல்லுறானோ, அதுக்கு நான் சொல்லுற மறுமொழிதான் இது. அவன் புது அரிசி எண்டு போட்டால் நான் பழைய அரிசி எண்டு போடுவன். ரெண்டையும் வச்சுப் பாத்தால்தான் சனத்துக்கு விளங்கும்."

நான் சாமான் வாங்கவில்லை. அப்படியே காரை எடுத்துக் காப்பகத்துக்குப் போனேன்.

கண்காட்சிக்காக விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்திருந்தோம். அழகாக இருக்கும் என்று அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். அந்த ரின் விளம்பரம் வந்த முழுப் பக்கத்தையும் திரும்ப எடுத்து மேசையில் விரித்தேன். மேலே இன்ஃபுளுவென்சாவில் செத்தவர்களின் வீட்டார் போட்ட நன்றி அறிவித்தல்கள். பக்கத்தில் சவப்பெட்டி செய்கிறவர். அதற்குக் கீழே, கார்ஸ்டனின் தாத்தாவுடைய விளம்பரத்துக்கு இடது பக்கம் ஒரு வியாபாரி: "எக்ஸ்போர்ட் குலாஷ், ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு ஏற்ற சுவை." வலது பக்கம் இன்னொருவர்: "தகரத்தில் அடைத்த முதல்தர இறைச்சி, குடும்பங்களுக்கு." முன்னும் பின்னுமாக வந்த இதழ்களையும் எடுத்தேன். எங்கும் அதே கதை. தேங்கிய ரின்களை அந்த வட்டாரமே சாப்பாடு என்று விற்றுக்கொண்டிருந்தது. இறைச்சி கிடைக்காத குளிர்காலம், வீட்டுக்கு வீடு காய்ச்சல். விலை போயிருக்கும். மனிதர் சாப்பிட வேண்டாம் என்று எழுதியவர் ஒரே ஒருவர்தான்.

கதிரையில் சாய்ந்து இருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பாதிதான் சரி.

முழுப் பக்கத்தையும் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் கார்ஸ்டனின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா எல்ஸாவும் இருந்தார். தொண்ணூறு வயது, காது நல்லாகக் கேட்கும், ஜன்னல் ஓரம் கதிரையில் பின்னிக்கொண்டிருந்தார். தாளை மேசையில் விரித்து, இடது பக்கத்தை வாசித்தேன், வலது பக்கத்தை வாசித்தேன், பிறகு நடுவில் உள்ளதை வாசித்தேன்.

கார்ஸ்டனின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்ப தாத்தா மட்டும்தான் உண்மையைச் சொன்னவர்?"

"ஓம். இந்தப் பக்கத்தில அவர் மட்டும்தான்."

"மற்ற ரெண்டு பேர் வித்ததும் எங்கட ரின்தானோ?"

"தெரியேல்லை. அதே மாதிரிச் சரக்கு. அதே ரின் எண்டு சொல்ல என்னட்டை ஆதாரம் இல்லை."

அவர் எழும்பி நடந்தார். கண் மின்னியது. "சரி. இந்தப் பக்கத்தைப் போடுங்கோ. பெரிசாய்ப் போடுங்கோ. கீழ எழுதுங்கோ, ஊரில ஒரே ஒரு நேர்மையான வியாபாரி எண்டு."

தம்பி தங்கச்சிமாரே, முதல் நாள் அவர் எடுக்கச் சொன்னபோது மறுப்பது கஷ்டம் இல்லை. கோபம் துணைக்கு இருந்தது. இப்போது அவர் என்னைக் கட்டிப்பிடிக்கத் தயாராக நிற்கிறார். களஞ்சியம் கையில். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"அப்பிடி எழுத ஏலாது" என்றேன்.

"ஏன்?"

"போர் முடியிறதுக்கு முதல் மாதம் வரைக்கும் அந்த ரின் ஆமிக்காரருக்குப் போனது. அதையும் அவர்தான் அனுப்பினவர். அதுவும் அதே பேப்பரில, முந்தின ஒரு இதழில இருக்கு, ஆள் எடுக்கிற விளம்பரத்தில. படைக்கு அனுப்புறதுக்கு ரின் அடைக்க ஆக்கள் தேவை எண்டு. ஊர்ச் சனம் சாப்பிடக் கூடாது எண்டு சொன்ன மனிசர், முன்பின் தெரியாத பெடியன்கள் சாப்பிட அனுப்பியிருக்கிறார். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைப்பன். கீழ நான் ஒண்டும் எழுதமாட்டன். வாசிக்கிற ஆக்கள் முடிவெடுக்கட்டும்."

கார்ஸ்டன் தாளைச் சுருட்டத் தொடங்கினார். பள்ளிக்கூட மண்டபம் கிடைக்காது என்று தலைவி காலையில்தான் சொல்லியிருந்தார்.

எல்ஸா பின்னுவதை மடியில் வைத்தார்.

"சுருட்டாதே" என்றார் மகனிடம். பிறகு என்னைப் பார்த்தார். "நான் தெற்கு ஜட்லாந்துக்காரி. தெரியுமோ?"

தெரியாது என்றேன். அந்தக் காலத்தில் தெற்கு ஜட்லாந்து ஜெர்மனியின் கையில் இருந்தது. அங்கே பிறந்த டேனிஷ் பெடியன்களையும் ஜெர்மன் படையில் பிடித்துச் சேர்த்தார்கள்.

"என்ர அப்பாவையும் கொண்டுபோனவை. இருபது வயசில. அவர் அந்த ரின்னைச் சாப்பிட்டவர். ஆரின்ர ரின் எண்டு தெரியாது, டேனிஷ் ரின். அதில எங்கட மொழியில எழுதியிருந்ததாம். எங்கட ஆக்கள் அனுப்பினது எண்டு ஆசையாய்த் திறந்தவராம்."

மடியில் இருந்த பின்னல் ஊசியை நூலுருண்டையில் குத்தி வைத்தார்.

"என்ர கலியாணம் இந்த வீட்டில நடந்தது. அப்பா வந்தவர். மேசையில இருந்த இறைச்சியில ஒரு துண்டும் தொடேல்லை. கிழங்கு மட்டும் சாப்பிட்டார். என்ர மாமா, இவன்ர தாத்தா, எதிர்ப்பக்கம் இருந்து அதைப் பாத்துக்கொண்டே இருந்தவர். ஏன் எண்டு கேக்கேல்லை. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பிறகு என்ர அப்பா எப்ப வந்தாலும் மாமா தானே கடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார். ரெண்டு பேரும் கடைசி மட்டும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை. நானும் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை."

"அம்மா, எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார் கார்ஸ்டன்.

"நீ கேக்கேல்லை" என்றார் எல்ஸா. பிறகு மேசையில் விரலால் தட்டினார். "எல்லாத்தையும் போடுங்கோ. ஆமிக்கு அனுப்பினதையும் போடுங்கோ, பன்றிக்கு எண்டு எழுதினதையும் போடுங்கோ. பன்றிக்கு எண்டு எழுதிறதுக்கு அவருக்கு மனசு எவ்வளவு நொந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதைப் பாதி மறைச்சால் மற்றப் பாதிக்கும் மதிப்பில்லை."

கார்ஸ்டன் சுருட்டிய தாளைத் திரும்ப விரித்தார். ஓரங்கள் சுருளாமல் இருக்க இரண்டு கோப்பிக் கோப்பைகளை எடுத்து அதன்மேல் வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

திட்டம் முழுவதையும் மாற்றினோம். தனித்தனி விளம்பரங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, முழுப் பக்கங்களாக ஏற்றினோம். கார்ஸ்டனின் ஆட்களே பலகை அறுத்துத் தந்தார்கள். மரச் சப்பாத்துக்குப் பக்கத்தில் மருத்துவச்சி வந்தாள். கயிற்றுச் சில்லுக்குப் பக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை வந்தாள். கோட்டைத் திருப்பித் தைக்கிறவருக்கு மேலே, அந்தக் கோட்டைப் போட ஆள் இல்லாமல் போன வீட்டின் நன்றி அறிவித்தல் வந்தது. ஒரு முழு ஊராக நின்றது. தனியே நின்றபோது வேடிக்கையாக இருந்த விளம்பரங்கள் இப்போது ஒன்றோடொன்று கதைத்தன.

திறப்பு நாளில் மழை. அதுவும் மேற்கு ஜட்லாந்து மழை, பக்கவாட்டில் அடிக்கும். ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். களஞ்சியம் நிறைந்து வாசலுக்கு வெளியே குடையோடு நின்றார்கள். தவமும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கொம்யூனில், அதாவது நகரசபையில், இருந்து வந்தவர் ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். அது முடிந்ததும் எல்ஸா தன் கதிரையை மூன்றாவது சுவருக்கு முன்னால் இழுத்துப் போடச் சொன்னார். எழுந்து நின்று, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஆள் எடுக்கும் விளம்பரத்தை வாசித்தார். பிறகு இடது, வலது. கடைசியாகத் தன் மாமனாருடையதை, தன் ஊர் டேனிஷில், உரக்க. முடித்துவிட்டு, "இது எங்கட வீட்டு ரின். என்ர அப்பா சாப்பிட்டது இப்பிடி ஒரு ரின்தான்" என்றார். அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒரு வயதான மனிதர் கை தட்டத் தொடங்கினார், முழுக் களஞ்சியமும் தட்டியது. கார்ஸ்டன் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற தலைவி என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதன்முறையாக, இந்த ஊர் என்னுடையதும்தான் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் நினைத்தேன்.

கண்காட்சியை மூட வேண்டிய நாள் வந்தபோது கார்ஸ்டன் மூட விடவில்லை. கோடைகாலம் முடியும்வரை அது நின்றது.

உங்களிடமும் ஒரு நாள் யாராவது வருவார். எங்கட கடைக்காரரிடமும் போர்க்காலத்தில் நடந்தவை இருக்கின்றன. யார் எதை என்ன விலைக்கு விற்றார், யார் எதற்குப் பணம் சேர்த்தார் என்று. எடுக்கச் சொல்லி ஒருவர் வருவார், பெரிதாக்கிப் போடச் சொல்லி இன்னொருவர் வருவார். இரண்டாவது ஆளிடம்தான் கூடுதல் கவனமாக இருங்கள். பக்கத்தை வெட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நல்ல மனிசரை நம்பி, அவர் முன்னாலேயே முழுத் தாளையும் விரியுங்கள்.

திறப்புக்கு அடுத்த திங்கட்கிழமை காலை நான் காப்பகத்தைத் திறக்கப் போனபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஈரக் கோட்டோடு, வரிசையாக. முன்னால் நின்ற பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"என்ர தாத்தாவும் இந்த ஊரில கடை வச்சிருந்தவர்" என்றார். "அவர் என்ன வித்தவர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. கூடாதது எண்டாலும் சொல்லுங்கோ."